ஒரு மஞ்சள் பூவுக்காக ஹெசரகட்டா வரை

திங்கட்கிழமை, காலை 6.50. ஆஸ்டின் டவுன்

பெங்களூருக்கு வெளியே இருக்கிற ஹெசரகட்டா புல்வெளிக்குப் போகிறவர்கள் கேமரா எடுத்துக்கொண்டு போவார்கள், பறவை பார்க்கிற தொலைநோக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் வாடிப்போன மூன்று கீரைத் தண்டுகள் இருந்தன. அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாத அந்தக் கீரையைத்தான் முந்தின நாள் ராத்திரி கடைந்து என் மாமியாருக்குப் போட்டிருந்தேன்.

அத்தை இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் ஒரு கரண்டி. என் வீட்டுக்காரர் பாஸ்கருக்குக் கீரை என்றாலே ஆகாது, தொட்டு நக்கியதோடு சரி. விடிந்து ஐந்தரைக்கு நான் எழுந்து பார்த்தால் அத்தை கட்டிலில் உட்கார்ந்து பீரோவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். "ஷிப்ட்டு முடிஞ்சிடுச்சா, சாப்பாடு எடுத்து வைக்கவா" என்று பீரோவைக் கேட்கிறார்கள். மாமனார் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது.

ஆறு மணிக்குப் பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். அங்கே ராத்திரி டூட்டி முடிந்து கிளம்ப இருந்த லேடி டாக்டர், நாக்கு வறண்டிருக்கிறது, கண்மணி விரிந்திருக்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பார்த்தார். ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று அத்தையைக் கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினார்கள். வித்தியாசமாக ஏதாவது சாப்பிட்டார்களா என்று பிறகு எங்களைக் கேட்டார். பாஸ்கர் என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

"ஊமத்தை மாதிரி ஏதாவது கலந்திருந்தா இப்படித்தான் இருக்கும்," என்றார் டாக்டர். "வைத்தியத்தை நான் ஆரம்பிச்சுடறேன். ஆனா இது என்ன செடின்னு தெரிஞ்சா எனக்கு ரொம்ப உதவி. வாடின இலைய வச்சு யாராலயும் சொல்ல முடியாது. பூவோட, வேரோட முழுச் செடி கொண்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டாவில் அதைப் பறித்த இடம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் நான் கிளம்பினேன். பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கிற கம்பெனிக்கு, இன்றைக்கு வர முடியாது என்று மட்டும் மெசேஜ் போட்டேன். காரணம் எழுதக் கை வரவில்லை. மருமகள் மாமியாருக்கு என்னத்தையோ வைத்துவிட்டாள் என்கிற பேச்சுக்கு நம் ஊரில் கால் முளைக்க எத்தனை நேரம் ஆகும்?

காலை 7.05. சிவாஜிநகர்

தெருமுனையில் கிடைத்தது அன்வர் பாயின் ஆட்டோ. போய்க் காத்திருந்து திரும்பி வர ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசினோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், திங்கட்கிழமை டிராபிக் வேறு என்றார். நான் பேரம் பேசவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்து, ஏதாவது சாவா என்று கேட்டார். இல்லை பாய், கீரை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வண்டி ஓடட்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்பெனியில் சர்க்யூட் போர்டு பார்க்கிறவள். லென்ஸ் வழியாக நாளெல்லாம் பச்சை அட்டையில் ஈயப் பொட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பச்சை என்றால் எனக்கு அந்த அட்டைதான். கூட வேலை பார்க்கிற ஒருத்தி போன மாதம் ஒரு செய்தி அனுப்பினாள்: ஹெசரகட்டா புல்வெளியில் புல் அடையாளம் காணும் நடை, ஞாயிறு காலை, கட்டணம் இல்லை. புல்லை அடையாளம் காண ஒரு வகுப்பா என்று முதலில் சிரித்தேன். பிறகு ஆசை வந்துவிட்டது. நான் வளர்ந்த தங்கவயலில் எங்கள் வீட்டுக்கு எதிரே, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு. புல் முளைப்பதற்கே யோசிக்கிற மண் அது. எங்காவது ஒன்று முளைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அத்தைதான் பிடித்துத் தள்ளினார்கள். "போய்ட்டு வாம்மா. கல்யாணம் ஆகி பதினாலு வருஷத்துல நீ உனக்குன்னு ஒரு எடம் போயிருக்கியா?" என்றார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

போன செலவு பூஜ்யம். பெண்களுக்கு ஆதாரைக் காட்டினால் இலவச டிக்கெட், அதனால் மெஜஸ்டிக் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஹெசரகட்டாவுக்கு ஒரு பஸ், மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். காலை ஏழரைக்கு ஏரிக்கரைப் பக்கம் பன்னிரண்டு பேர் கூடினோம். நடத்தியவர் வித்யா மேடம், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். மைசூர்க்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். அவர் சொன்ன முதல் பாடம் இது: புல்வெளிக்குள் எதையும் பறிக்கக் கூடாது, வேண்டுமானால் வெளியே சாலையோரத்தில் ஆளுக்கு ஒரு கொத்து. இரண்டாம் பாடம்: பெயர் தெரியாததை வாயில் வைக்கக் கூடாது. முதல் பாடத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு புதுக்கண் திறந்தது என்றால் பொய்யில்லை. தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கச் சொன்னார். உருண்டையாக ஓடினால் புல், மூன்று முனையாக இடறினால் கோரை. புல்லுக்குக் கணு உண்டு, கோரைக்குக் கிடையாது. இலை தண்டைக் கட்டிப்பிடிக்கிற இடத்தில் பிரித்துப் பார்த்தால் ஒரு சின்ன நாக்கு இருக்கும், ஒன்றுக்குச் சவ்வு மாதிரி, ஒன்றுக்கு மயிர் மாதிரி. பூ எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்: அருகம்புல் ஒரே புள்ளியிலிருந்து நாலைந்து விரலை விரிக்கும், மயில்கொண்டைப் புல் ஊதா நிறத்தில் கொத்தாகத் தூக்கி நிற்கும். ஊசிப்புல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நம் புடவையில் தைக்கும். எனக்கு எல்லாம் உடனே பிடிபட்டது. போர்டில் பொட்டு எண்ணுகிற கண்ணுக்கு இது பெரிய வேலையா? வித்யா மேடம் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அங்கேதான் எனக்குக் கொம்பு முளைத்தது. நடை முடிந்து எல்லாரும் திரும்பும்போது, புல்வெளிக்கு வெளியே கேழ்வரகு வயல் ஓரத்தில் ஒரு அம்மா மடியில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வகை காட்டுக்கீரையைக் கலந்து சமைப்பதை இங்கே பெரக்கெ சொப்பு என்பார்கள். தங்கவயலில் எங்கள் அம்மாவும் வாங்குவாள், ஆனால் கட்டாக வாங்குவாள், பறித்ததில்லை. நான் அந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். தும்பை தெரியும். பண்ணைக்கீரை தெரியும், இங்கே அதற்கு அண்ணெ சொப்பு என்று பெயர். மூன்றாவதாக ஒன்று, கொழுந்தாக, கொஞ்சம் சொரசொரப்பான நீள இலை. அது என்ன என்று கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. இத்தனை புல்லைக் கண்டுபிடித்தவளுக்கு ஒரு கீரை தெரியாதா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்பது இதுதான்.

காலை 8.00. யஷ்வந்த்பூர் தாண்டி

மேக்ரி சர்க்கிளில் பத்து நிமிஷம், யஷ்வந்த்பூரில் பதினைந்து நிமிஷம் நின்றோம். நான் வித்யா மேடத்துக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. தண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். தாசரஹள்ளியை நெருங்கும்போது அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. வகுப்புக்குள் போகிற அவசரத்தில் பேசியிருக்கிறார். ஆட்டோ சத்தத்தில் காதில் வைத்துக் கேட்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இலைய மட்டும் பாத்தா ஹுச்செள்ளு மாதிரி இருக்கு. ஆனா பூ பாக்காம நான் உறுதியா சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான் செய்தி. அன்வர் பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

கன்னடம் ஒரு வார்த்தை தெரிந்த பெங்களூர்க்காரனுக்கும் ஹுச்சு என்றால் பைத்தியம் என்று தெரியும். நாங்கள் தெருவில் திட்டக் கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தையே அதுதான். ஹுச்சு பிடித்துவிட்டதா உனக்கு என்று கேட்காமல் இங்கே ஒரு டிராபிக் சண்டை முடியாது. பைத்தியச் செடியைக் கடைந்து போட்டிருக்கிறேன், அத்தை பீரோவோடு பேசுகிறார்கள், எல்லாம் பொருந்தி வந்தது.

பாஸ்கருக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதை அப்படியே நர்ஸிடம் போய், எங்கம்மா சாப்பிட்டது பைத்தியக் கீரையாம் என்று சொல்லியிருக்கிறார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா என்னை அப்பான்னு நெனச்சுகினு இருக்காங்க. கையப் புடிச்சுகினு வுட மாட்டேங்கறாங்க. நீ சீக்கிரம் வா, கலா."

பதினாலு வருஷத்தில் அந்த மனிதர் என்னைக் கோபித்ததில்லை. அப்போதும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்வர் பாய் திரும்பிப் பார்க்கவில்லை. "டென்சன் நக்கோம்மா, வேணாம்," என்றார். "பூ பாக்காம சொல்லமாட்டேன்னு அந்த மேடமே சொல்லிட்டாங்க. நாம மட்டும் ஏன் சொல்லணும்?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி பதினைந்து கிலோமீட்டர் போனேன். சிக்கபாணாவரத்துக்கு அப்புறம் கட்டடங்கள் குறைந்து, திராட்சைத் தோட்டங்களும் நர்ஸரிகளும் வந்தன. ஒரு நர்ஸரி வாசலில் புல்தரை விற்பனைக்கு, சதுர அடிக்கு முப்பது ரூபாய் என்று போர்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துச் சிரித்தேன். திங்கட்கிழமை சிரிப்பு வரவில்லை.

காலை 8.45. ஹெசரகட்டா

ஏரிக்கரைக்கு அப்பால் மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. மழை பெய்து சேறாகிக் கிடந்தது. அன்வர் பாய் அங்கேயே இருப்பதாகச் சொன்னார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நூறு அடி போனதும் தலை சுற்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்தோம், வழியை யார் கவனித்தார்கள்? மரம் இருந்தால் இந்த மரத்தில் திரும்பினோம் என்று சொல்லலாம். புல்வெளியில் அடையாளத்துக்கு ஒரு கல்கூட இல்லை. பனி வேறு இன்னும் விலகவில்லை. மூன்று வழி பிரிகிற இடத்தில் நின்று, தாயே என்று உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில் காலடியில் ஊதாக் கொத்து நின்றது. மயில்கொண்டைப் புல்.

ஞாயிற்றுக்கிழமை இதை எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். பழைய செங்கல் கொட்டிக் கிடந்த ஓரத்தில். கெட்ட மண்ணில், மனிதன் கைபட்ட இடத்தில் இது வரும் என்று மேடம் சொன்னார். இடதுபுறப் பாதையில் மட்டும்தான் அது வரிசையாக நின்றது. இடதுபக்கம் போனேன். செங்கல் வந்தது. உயிர் கொஞ்சம் வந்தது.

அதற்கப்புறம் நான் பாதையைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தேன். செங்கல் குவியலுக்குப் பிறகு மேட்டில் ஊசிப்புல் இருந்தது, புடவைக் கரையில் சுருக் சுருக்கென்று தைத்தது. முந்தின நாள் தைத்ததைப் பிடுங்கி அலுத்துக்கொண்டேன், இன்றைக்கு ஒவ்வொரு குத்துக்கும் நன்றி சொன்னேன். மேடு முழுக்கச் செந்நிறமாக நிற்கிற இன்னொரு புல் வர வேண்டும், அதன் பெயர் மறந்துவிட்டது, நானே செம்புல் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அது வந்தது. அங்கிருந்து இறக்கம். இறக்கத்தில் கால் புதைந்ததும் தண்டைப் பிடுங்கி உருட்டினேன், அந்த நேரத்தில் முதல் பாடமெல்லாம் நினைவில் இல்லை. விரலில் மூன்று முனை இடறியது. கோரை. தண்ணீர் தேங்குகிற பள்ளம் இதுதான். இதைத் தாண்டினால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு.

வேலிக்கு வெளியே வந்து நிமிர்ந்தேன். பனி விலகியிருந்தது. கேழ்வரகு வயலின் ஓரம் முழுக்க, வரப்பு போட்ட மாதிரி ஒரே மஞ்சள் பூ. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கும். கொழுந்தையே பார்த்துக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பூவைப் பார்க்கவில்லை.

காலை 9.20. வயல் ஓரம்

டிபன் பாக்ஸைத் திறந்து தண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். எதிரெதிரே இலை, காம்பு இல்லாமல் தண்டைக் கட்டிக்கொண்டு. விளிம்பில் லேசான பல். சொரசொரப்பு. பூச்செடியிலும் அதே. சந்தேகமே இல்லை, நான் பறித்தது இதைத்தான். பூ எட்டு இதழோடு, சின்ன சூரியகாந்தி மாதிரி அழகாக இருந்தது. இத்தனை அழகான பூவுக்கா பைத்தியம் என்று பெயர் என்று நினைத்தேன். வேரோடு பிடுங்கக் குனிந்தபோது வயலுக்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது.

முந்தின நாள் கீரை பறித்த அதே அம்மா. பெயர் நஞ்சம்மா. ஆளுக்குத் தகுந்த பெயர் வைக்கத் தெரியாத உலகம் இது என்று பிற்பாடு தோன்றியது, அந்த நிமிஷத்தில் நஞ்சு என்று கேட்டதும் மறுபடி உயிர் போயிற்று. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இதைக் கடைந்து மாமியாருக்குப் போட்டுவிட்டேன், அவர்கள் நர்ஸிங் ஹோமில் இருக்கிறார்கள், இது ஹுச்சுச் செடியாமே.

நஞ்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கொழுந்தைக் கிள்ளி என் எதிரிலேயே வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"ஹுச்சு இதக்கல்லம்மா, நினகே," என்றார். பைத்தியம் செடிக்கு இல்லை, உனக்குத்தான் என்று அர்த்தம்.

பிறகு சொன்னார். ஹுச்செள்ளு என்பது ஒரு வகை எள். கேழ்வரகு வயலைச் சுற்றி அவருடைய மாமனார் காலத்திலிருந்து விதைக்கிறார்கள், ஆடு மாடு இதைத் தாண்டி உள்ளே வராது. விதையை வறுத்துச் சட்னிப்பொடி, ஆட்டினால் எண்ணெய், கொழுந்தாக இருந்தால் பெரக்கெயில் ஒரு பிடி. தண்ணீர் விடாவிட்டாலும் முளைக்கும், எங்கே தூவினாலும் முளைக்கும், அதனால் யாரோ பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டான் என்பது அவர் கணக்கு. இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கரும்பொடியை என் உள்ளங்கையில் வைத்தார். களிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்தது. நக்கினேன். எள்ளும் பூண்டும் மிளகாயும் நாக்கில் ஏறின. அப்படியே வரப்பில் உட்கார்ந்து, அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பூவைப் படம் எடுத்து வித்யா மேடத்துக்கு அனுப்பினேன். இந்த முறை அவரே கூப்பிட்டார். சந்தேகமே இல்லை, ஹுச்செள்ளுதான், விஷமில்லை, தைரியமாகப் போங்கள் என்றார். நான் சும்மா இருக்காமல், தமிழில் இதற்கு என்ன பெயர் மேடம் என்று கேட்டேன்.

"பேயெள்ளு," என்றார்.

கன்னடக்காரன் பைத்தியம் என்கிறான், தமிழன் பேய் என்கிறான். பாவம், அந்தச் செடி யாருக்கு என்ன கெடுதல் செய்தது? நல்லவேளை, காலையில் அவர் தமிழ்ப் பெயரைச் சொல்லியிருந்தால் தாசரஹள்ளியில் எனக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்திருக்கும்.

நஞ்சம்மா ஒரு முழுச்செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். இனிமேல் தெரியாததைப் பார்த்தால் வாயைத் திறந்து கேள், கேட்டால் உன் நகையா கழன்று விழும் என்று திட்டித்தான் அனுப்பினார்.

காலை 11.35. மறுபடி ஆஸ்டின் டவுன்

திரும்பும்போது டிராபிக் இரண்டு மடங்கு, எனக்கோ பாதி நிம்மதி. மனசு இப்போது வேறு திசையில் திரும்பிவிட்டது. கீரை இல்லையென்றால் அத்தைக்கு என்ன? மூளையில் ஏதாவதா? கீரையாகவே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அன்வர் பாய் பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு, செடியிலிருந்து ஒரு பூவைக் கேட்டு வாங்கி ஹேண்டில்பாரில் செருகிக்கொண்டார். பைத்தியம் இல்லாத பூ என்று வீட்டில் காட்ட வேண்டுமாம்.

அத்தை படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்கரைப் பாஸ்கர் என்றே கூப்பிட்டார்களாம், பத்து மணியிலிருந்து. என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா இது, காலெல்லாம் சேறு?" என்றார்கள். அந்தக் கேள்வி என் காதில் தேனாக விழுந்தது.

லேடி டாக்டர் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். துணியைப் பிரித்ததும் சிரித்துவிட்டார். அவர் ஹாசன் பக்கம், சின்ன வயதில் ஹுச்செள்ளுச் சட்னிப்பொடி இல்லாமல் சாப்பிட்டதே இல்லையாம், ஆனால் செடியைப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிறகு அவர் முகம் மாறியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கீரை மேல தப்பு இல்லம்மா. இப்ப உண்மையச் சொல்லுங்க. என்ன மாத்திரை போட்டீங்க?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள். பிறகு, சளி மாத்திரை என்றார்கள். மெடிக்கலில் எப்போதோ வாங்கி பிஸ்கட் டின்னில் வைத்திருந்த பழைய அட்டை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது இரண்டு. நடுவில் விழிப்பு வந்து மூக்கு அடைத்திருந்ததால் மேலும் மூன்று. அவ்வளவையும் ஒரே ராத்திரியில் போட்டால் இந்த வயதில் நாக்கு வறளும், கண் விரியும், பீரோகூட ஆளாகத் தெரியும் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பாஸ்கர் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு நிம்மதியோடு கோபமும் வந்தது. காலையிலேயே சொல்லியிருந்தால் என்ன? ஐந்து மாத்திரை போடுகிற அளவுக்கு அப்படி என்ன சளி? சனிக்கிழமைகூட நன்றாகத்தானே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"சளி இல்லம்மா. தும்மல்," என்றார்கள். "நீ கொண்டாந்து வச்சே பாரு, அந்தப் புல்லு. அது வந்ததுலருந்து."

ஞாயிற்றுக்கிழமை சாலையோரத்தில் பறித்த புல் கொத்தைப் பெருமையாகக் கண்ணாடி டம்ளரில் சொருகி, புத்தர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். புத்தர் படம் அத்தையின் கட்டில் தலைமாட்டு அலமாரியில் இருக்கிறது. முற்றிய பூங்கொத்து. தொட்டால் மகரந்தம் உதிரும் என்று மேடம் காட்டிய அதே கொத்து. ராத்திரி முழுக்க அது அத்தையின் தலையில் உதிர்ந்திருக்கிறது. சாப்பிடும்போது அவர்கள் புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தூக்கி வெளியே போட்டிருப்பேனே அத்தை, ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எப்படிச் சொல்றது," என்றார்கள். "நீ ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, பேரு சொல்லிகினு இருந்தே. உன் மொகத்த நான் அப்படிப் பாத்ததே இல்ல. அதப் போயி தும்மிக் கெடுப்பாங்களா?"

சேற்றுக்காலோடு கட்டிலில் ஏறி அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நர்ஸ் வந்து, கட்டிலில் உட்காரக் கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். அத்தை அவரைப் பார்த்துப் பேசாமல் போ என்று கையைக் காட்டினார்கள். முழு நிதானம் வந்துவிட்டது என்று எனக்கு அப்போது உறுதியாயிற்று.

மாலை 5.30. வீடு

முதல் வேலையாகப் புல் கொத்தைக் குப்பையில் போடப் போனேன். அத்தை விடவில்லை. பறித்து வந்ததை ஏன் போட வேண்டும், பால்கனிக் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டு என்றார்கள். கட்டினேன். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் துவைக்கப் போட்டேன். பிஸ்கட் டின்னைப் பாஸ்கர் எடுத்து ஒளித்து வைத்தார்.

ஹெசரகட்டாவுக்கு நீங்களும் போய் வாருங்கள். அக்டோபரில் போனால் வயலோரத்து மஞ்சளைப் பார்க்கலாம். பெயர் தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள், நகை கழன்று விழாது. எங்கள் தெருவில் இருக்கிற மொத்தப் பச்சையும் கம்பியில் தொங்குகிற அந்த ஒரு கொத்துதான். காற்றில் அது அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் அடுப்பில் கஞ்சி வைத்திருந்தேன். பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம், கண்ணாடிக்குள் நாற்காலியைப் போட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார்கள்.

"கலா," என்று கூப்பிட்டார்கள். "அந்த ஓரமா செவப்பா நிக்குதே, அது இன்னா புல்லு?"

அதன் பெயர் மறந்துவிட்டது, செம்புல் என்று நானே வைத்துக்கொண்டேன் என்றேன்.

"அதுவே நல்லா இருக்குது," என்றார்கள். "அடுத்தது?"